நிழலும் தண்ணீரும் மட்டும் போதாது: ராமநாதபுரம் கடலோர நாய்களுக்காக ஒரு திறந்த மடல்

பெறுநர்: ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர், கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநர், ராமேஸ்வரம், கீழக்கரை நகராட்சிகள், மண்டபம், தொண்டி பேரூராட்சிகள், கடலோர ஊராட்சிகளின் பொறுப்பாளர்கள்.

மதிப்பிற்குரியீர்,

பங்குனி பிறந்தால் கோடைக்கால அறிவிப்புகள் வரத் தொடங்கும். அவற்றில் நாய்களுக்கென்று வழக்கமாக இரண்டு வரி இருக்கும்: நிழலில் கட்டுங்கள், தண்ணீர் வையுங்கள். தவறான அறிவுரை இல்லை. ஆனால் மதுரைக்கும் விருதுநகருக்கும் பொருந்துகிற அந்த இரண்டு வரி பாம்பனுக்கும் தேவிபட்டினத்துக்கும் ஏர்வாடிக்கும் பொருந்தாது. இங்கே நிழலில் கட்டிய நாயும் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுகிறது. கடலோரத்துக்கென்று தனி அறிவிப்பும் சில சிறிய ஏற்பாடுகளும் வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

மே மாதத்தில் பாம்பனின் பகல் வெப்பம் மதுரையை விடச் சில டிகிரி குறைவுதான். அதனால்தான் ‘கடற்காத்து இருக்கே, நாய்க்கு என்ன’ என்ற மெத்தனம் வருகிறது. நாய்க்கு மனிதனைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அது கணக்கில் சேராது. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகிறது. அந்த ஆவியோடுதான் சூடும் வெளியேறுகிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வாயின் ஈரம் ஆவியாகாது. ஈரப்பதம் 80 விழுக்காட்டை நெருங்கும்போது நாய் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. போதாததற்கு, வேகமாக இரைப்பதே தசைகளுக்கு ஒரு வேலை. அதுவும் சூட்டைக் கூட்டும். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் உள்நாட்டில் 39 டிகிரி வறண்ட வெயிலைத் தாங்குகிற நாய், இங்கே 34 டிகிரிப் புழுக்கத்தில் விழுவது இதனால்தான்.

இரவிலும் இங்கே ஈரப்பதம் இறங்குவதில்லை. விடியற்காலையில்தான் அது உச்சத்தில் இருக்கும். ‘காலை ஐந்து மணிக்கு ஓட்டப்பயிற்சி கொடுங்கள்’ என்ற உள்நாட்டு அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டு, கடற்கரை மணலில் இளம் ராஜபாளையத்தையோ சிப்பிப்பாறையையோ விரட்டி ஓடவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் நடத்தலாம், ஓடவிடக் கூடாது. இருபது நிமிட நடை போதும். மாலையில் தார்ச்சாலையும் மணலும் ஆறுவதற்கு ஏழரை எட்டு மணி ஆகிவிடும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாத தரையில் நாயின் பாதமும் பொறுக்காது.

இனி தண்ணீர். இந்தக் கரையில் அதுதான் பெரிய விஷயம். ஒரு நாய்க்குச் சாதாரண நாளில் எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி வரை தண்ணீர் வேண்டும். கோடையில் அது இரட்டிப்பாகும். 15 கிலோ நாய் என்றால் ஒன்றரை லிட்டருக்குக் குறையாது. ஆனால் காவிரிக் கூட்டுக் குடிநீர் எப்போது வரும் என்று குழாயடியில் குடத்தோடு காத்திருக்கும் வீட்டில், நாய்ச் சட்டியில் விழுவது பெரும்பாலும் உப்புக் கிணற்றுத் தண்ணீர்தான். நாவில் உப்புத் தெரிகிற தண்ணீரை நாய் வேண்டா வெறுப்பாகத்தான் குடிக்கும். சட்டி நிறைந்திருக்கும், நாய் வறண்டிருக்கும். வீட்டார் சட்டியைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடுவார்கள். நாயின் ஈறைத் தொட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. ஈறு வழவழவென்று ஈரமாக இருக்க வேண்டும். விரல் ஒட்டினால், அல்லது தோள்பட்டைத் தோலை இழுத்து விட்டதும் மடிப்பு உடனே படியாவிட்டால், உடம்பில் நீர் குறைந்துவிட்டது.

வீட்டுக்கு வருகிற நல்ல தண்ணீரில் ஒன்றரை லிட்டர் நாய்க்கு என்று ஒதுக்கச் சொல்லுங்கள். அறிவிப்பின் முதல் வரி அதுவாகவே இருக்கட்டும். எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம், வெயில் பட்டால் தண்ணீர் கொதிக்கும். வாய் அகன்ற மண்சட்டி நல்லது. ஒன்று கவிழ்ந்தால் இன்னொன்று இருக்கும்படி இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். காலையில் கழுவி நிரப்பி, மதியம் மாற்ற வேண்டும். உப்புப் போடாத நீர்மோர் கொடுக்கலாம். வீட்டில் தாளித்து வைத்த மோர் ஆகாது. அதில் உப்பும் இருக்கும், வெங்காயமும் இருக்கலாம். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

நல்ல தண்ணீர் கிடைக்காத நாய் கடலைக் குடிக்கும், இல்லையென்றால் கருவாட்டுத் தொட்டியைத் தேடும். இதைப் பலர் நம்புவதில்லை. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. நாயின் எடையில் கிலோவுக்கு இரண்டு மூன்று கிராம் உப்பே நஞ்சாக வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆக, 15 கிலோ நாய்க்கு ஒரு லிட்டர் கடல்நீரே ஆபத்து. அலையில் பந்தெறிந்து விளையாடும் நாய் வாய் திறந்தபடியே நீந்துவதால் இந்த அளவை அறியாமலே விழுங்கிவிடும். கருவாடு ஊறிய உப்புத் தண்ணீரோ இதைவிடப் பல மடங்கு செறிவு. நூறு மில்லி போதும், ஒரு லிட்டர் கடலுக்குச் சமம். முதலில் வாந்தியும் நீராய்ப் பேதியும் வரும். பிறகு தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு. குடித்த கையோடு பார்த்துவிட்டால் நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். பல மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது என்றால், சட்டியை முன்னால் வைத்து இஷ்டத்துக்குக் குடிக்க விடக் கூடாது. ரத்தத்தில் உப்பு சட்டென்று இறங்கினால் மூளை வீங்கும். அதை ஊசி மூலம் மெதுவாகச் சரிசெய்வது மருத்துவரின் வேலை. கருவாடு காயப் போடும் களங்களில் தொட்டிகளுக்கு மூடி போட வேண்டும் என்று ஊராட்சிகள் கட்டாயப்படுத்தலாம். பெரிய செலவில்லை.

மீன் கழிவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளும் கத்திரி வெயிலும் ஒன்றாக வந்து சேர்கின்றன. படகுத்துறைக் கழிவை நம்பியிருந்த நாய்கள் பசியோடு அலைந்து கரைவலை இழுக்கும் இடங்களில் கூடுகின்றன. அங்கே வலையிலிருந்து பொறுக்கி மணலில் எறிகிற பேத்தை மீன் கிடக்கும். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. தின்ற சில மணி நேரத்துக்குள் பின்னங்கால் துவண்டு, மூச்சு நிற்கும். வீட்டு நாயைக் கரையில் அவிழ்த்துவிடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பேத்தையையும் ஒதுங்கிக் கிடக்கும் சொறியையும் (ஜெல்லிமீன்) அன்றன்றே மணலில் ஆழப் புதைக்க அந்த அந்த ஊர்க் கமிட்டிகளிடம் சொல்ல வேண்டும். மேலோட்டமாக மூடினால் நாய் தோண்டிவிடும்.

கூண்டு, கொட்டகை விஷயத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. பனை நிறைந்த மாவட்டத்தில் நாய்க்குத் தகரக் கூரை போடுகிறோம். மதியத்தில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் கீழ்ப்பக்கமாகவே அனலை இறக்கும். நிழல் இருக்கும், அடுப்பும் இருக்கும். ஏற்கெனவே தகரம் போட்டவர்கள் அதைப் பிடுங்க வேண்டாம். தகரத்துக்கு மேல் நான்கு முளை நட்டு, அரை அடி இடைவெளி விட்டு, பனையோலையை இரண்டு அடுக்காகப் பரப்பிக் கட்டினால் போதும். அந்த இடைவெளியில் காற்று ஓடுவதுதான் சூட்டைத் தடுக்கிறது. ஓலையைத் தகரத்தின் மேல் ஒட்டிப் போட்டால் பாதிப் பலன்கூட இல்லை. புதிதாகக் கட்டுகிறவர்கள் ராஜபாளையம், மண்டை என்கிற நம் மாவட்டத்து நாட்டு நாய் அளவுக்கு நான்கு அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்றரை அடி உயரம் வைத்து, எதிரெதிராக இரண்டு பக்கமும் திறந்துவிட வேண்டும். மூன்று பக்கம் செங்கல் எழுப்பி முன்பக்கம் மட்டும் கம்பி வைக்கும் கூண்டில் காற்று நுழையாது, ஏனென்றால் அது வெளியேற வழியில்லை. திசையும் முக்கியம். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் பகல் கடற்காற்று தெற்கு, தென்கிழக்கிலிருந்து வரும். தேவிபட்டினம், தொண்டி பக்கம் கிழக்கிலிருந்து. திறப்பை அந்தப் பக்கம் வைக்க வேண்டும். தரையில் நாலு விரற்கடை ஆழத்துக்கு உப்பில்லாத மணல் பரப்பி, காலை பதினொரு மணிக்கு ஒரு வாளித் தண்ணீர் தெளித்துவிட்டால் நாய் வயிற்றை அதில் பதித்துப் படுத்துக்கொள்ளும். கடற்கரை மணலை அள்ளிப் போட்டால் அதிலுள்ள உப்பு வயிற்றுத் தோலை அரிக்கும்.

சீமைக்கருவேல நிழலில் கட்டுவது வேண்டாம். சல்லடை நிழல், கீழே முள். வேம்பு, புங்கை, பூவரசு எதுவானாலும் சரி. ஒரே இடத்தில் முளையடித்து நாலடிச் சங்கிலியில் கட்டினால், பத்து மணிக்கு நிழலில் இருந்த நாய் ஒரு மணிக்கு வெயிலில் இருக்கும். இரண்டு மரத்துக்கு இடையே தலைக்கு மேல் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் வளையம் கோத்துச் சங்கிலியை மாட்டினால் நாய் நிழலோடு நகரும். மொட்டை மாடியில் கட்டுவதை மட்டும் அறிவிப்பில் நேரடியாகத் தடை செய்து எழுதுங்கள். காங்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை நள்ளிரவு வரை கக்கும்.

மின்விசிறி வைத்திருக்கிறோமே என்பார்கள். வியர்க்காத உடம்பில் விசிறிக் காற்று நமக்குத் தருகிற சுகத்தைத் தராது. வயிறு, தொடையின் உட்பக்கம், பாதம் இவற்றைத் தோல் வரை நனைத்துவிட்டு விசிறியைப் போட்டால்தான் வேலை செய்யும். முதுகு மயிரின் மேல் தண்ணீர் தெளிப்பது நமக்குத்தான் ஆறுதல். பொமரேனியன், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களுக்குக் கோடையில் மொட்டை அடிக்கும் பழக்கமும் பரவியிருக்கிறது. அடர்ந்த அடிமயிரைச் சீப்பால் வாரி எடுத்தால் போதும். ஒட்ட மழித்தால் வெயில் நேரே தோலில் இறங்கும், சில நாய்களுக்கு மயிர் திரும்பச் சரியாக வளராது. வெள்ளை ராஜபாளையத்தின் இளஞ்சிவப்பு மூக்கும் காது நுனியும் இங்கே வெந்து புண்ணாகும். சப்பை மூக்கு பக், புல்டாக் வகைகளை இந்தக் கடற்கரையில் வளர்க்காதிருப்பதே நல்லது. மூச்சுவழி குறுகிய நாய் இந்த ஈரக் காற்றில் இரைத்து மீள முடியாது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

வெப்பத் தாக்குதல் வந்துவிட்டால் செய்ய வேண்டியதை அறிவிப்பில் பெரிய எழுத்தில் போட வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. பாரன்ஹீட்டில் 101 முதல் 102.5. இது 41-ஐ, அதாவது 106 பாரன்ஹீட்டைத் தொட்டால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். அளப்பது எளிது: மருந்துக்கடை டிஜிட்டல் தெர்மாமீட்டரில் எண்ணெய் தடவி ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டர் செலுத்தினால் போதும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் அறிகுறிகளே சொல்லும். நிழலுக்கு வந்தும் இரைப்பு அடங்காது. எச்சில் கயிறு போலத் திரண்டு வரும். ஈறு செங்கல் நிறமாகும், பிறகு வெளுக்கும். நடை தள்ளாடும், கூப்பிட்டால் திரும்பாது. வாந்தியும் ரத்தம் கலந்த பேதியும் வந்துவிட்டால் நேரம் மிகக் குறைவு.

இந்த நேரத்தில் நடக்கிற பெரிய தவறு, நாயைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த நாய் 41 டிகிரியிலேயே வெந்துகொண்டு போகும். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டி. நிழலுக்கு இழுத்து, கழுத்து, நெஞ்சு, வயிறு, தொடையிடுக்கில் விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே காற்று வீச வேண்டும். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போகக் கூடாது. இரண்டு மூன்று குடமாவது செலவாகும். குடிதண்ணீரை எப்படி இவ்வளவு கொட்டுவது என்று இந்த ஊரில் எவரும் ஒரு நொடி தயங்குவார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை. குடிக்கத்தான் நல்ல தண்ணீர் வேண்டும். மேலே ஊற்ற உப்புக் கிணற்றுத் தண்ணீர், கடல்நீர் எதுவானாலும் சரி. கோடையில் கடல் 30 டிகிரியை ஒட்டி இருந்தாலும், 41 டிகிரியில் கிடக்கும் நாய்க்கு அது பத்து டிகிரி குளிர்ச்சி. நினைவுள்ள, இளம் வயது நாயைக் கழுத்து வரை நனையும் ஆழத்தில், தலையைப் பிடித்துக்கொண்டு இறக்கலாம். கிழ நாய், இதய நோயுள்ள நாய், மயங்கிய நாய் என்றால் ஊற்றி வீசுவதே சரி. உப்பைப் பிற்பாடு கழுவிக்கொள்ளலாம்.

ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு உட்காரக் கூடாது. சில நிமிடத்தில் சாக்கே சூடேறி வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். குளிர்ந்த நீர் ஊற்றினால் ரத்தக்குழாய் சுருங்கி ஆபத்தாகிவிடும் என்ற பழைய பயத்துக்கு இப்போது மருத்துவத்தில் இடமில்லை. படகுத்துறை ஐஸை உடைத்துத் தொட்டித் தண்ணீரில் போட்டும் பயன்படுத்தலாம், குடிக்க மட்டும் கொடுக்க வேண்டாம். நல்ல தண்ணீரை நாய் தானாகக் குடித்தால் குடிக்கட்டும்; வாயைப் பிளந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். வெப்பம் 39.5-க்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் எதிர்ப்பக்கம் சரிந்து உடம்பு சில்லிட்டுவிடும். அதன் பிறகு, எழுந்து வாலாட்டினாலும்கூட, மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் கெடுவது இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட வெளியே தெரியலாம்.

பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. இது காய்ச்சல் இல்லை. மூளை தானாக ஏற்றிய சூட்டைத்தான் அந்த மாத்திரை இறக்கும். வெளிச்சூட்டில் அதற்கு வேலை கிடையாது, கல்லீரல்தான் கெடும். இந்தக் குழப்பத்துக்கு உண்ணிக் காய்ச்சலும் ஒரு காரணம். இரண்டும் ஒரே பருவத்தில் வருகின்றன, இரண்டிலும் நாய் சூடாகச் சோர்ந்து கிடக்கும். உண்ணிக் காய்ச்சல் நாள்கணக்கில் வரும். சாப்பாடு குறையும், ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரலாம். வெப்பத் தாக்குதல் நிமிடக் கணக்கு. உண்ணியால் ரத்தம் குறைந்த நாய்க்கு வெயிலும் சீக்கிரம் தாக்கும் என்பதால் பங்குனியிலேயே உண்ணி மருந்து கொடுத்துவிட வேண்டும். நாயின் மேலுள்ள உண்ணியைப் பிடுங்கி எறிந்து பயனில்லை. ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். கூண்டின் வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்துச் சுண்ணாம்பு அடிப்பது பாதி மருத்துவம்.

இப்போது எங்கள் கோரிக்கைகள். கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணுக்கு அழைக்கிறவரிடம், ஊர்தி வரும்வரை நாயின் மேல் என்ன தண்ணீர் ஊற்ற வேண்டும், எங்கே ஊற்ற வேண்டும் என்று தொலைபேசியை எடுப்பவரே சொல்ல வேண்டும். நான்கு வாக்கியம் எழுதிக் கொடுத்தால் போதும். கத்திரி நாட்களில் பகல் 12 முதல் 4 மணி வரை கடலோரக் கால்நடை மருந்தகங்களில் ஒருவராவது இருக்க வேண்டும். தெர்மாமீட்டர், ஊசிவழி ஏற்றும் திரவம், ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, விசிறி, இவ்வளவுதான் தேவை. நாய்கள் விழுவது அந்த நேரத்தில்தான்.

ராமேஸ்வரம் நகராட்சிக்குத் தனியாக ஒன்று. வெளியூரிலிருந்து காரில் வரும் குடும்பங்கள் நாயையும் கூட்டி வருகின்றன. கோயிலுக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது. காரிலேயே பூட்டிவிட்டு அக்னி தீர்த்தத்தில் முழுகி, உள்ளே 22 தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்துத் திரும்ப இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறது. மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரியும், அரை மணியில் 20 டிகிரியை ஒட்டியும் ஏறும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் இது மாறாது. வாகன நிறுத்தங்களில் கட்டண ரசீதிலேயே இதை அச்சிடலாம். பக்கத்தில் ஓலைப் பந்தல் ஒன்று, கட்ட நாலு வளையம், நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்று, பார்த்துக்கொள்ள ஓர் ஆள். கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள், கொடுப்பார்கள். தனுஷ்கோடிச் சாலையிலும் நிலைமை இதுதான். இருபக்கமும் கடல் இருக்கிறது. நிழலும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. அரிச்சல்முனைக்கு நாயோடு போகிறவரைச் சாலையின் தொடக்கத்திலேயே எச்சரிக்கும் பலகை வைக்க வேண்டும்.

அறிவிப்பின் வாசகத்தைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதித் தர நாங்கள் தயார். அதை ரேஷன் கடை, மீன் இறங்குதளம், மருந்தகம் என்று மூன்று இடங்களில் ஒட்டினால் எல்லா வீட்டுக்கும் போய்விடும். தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15-க்கு முன் ஒட்டிவிட வேண்டும். கத்திரி பிறந்த பிறகு ஒட்டுவது காலம் கடந்த வேலை.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடலோரத்தில் நாய் வளர்ப்போரும் நாய்களுக்கு மருத்துவம் பார்ப்போரும்